எண்ணப்படுதல்: இரட்சணிய யாத்திரிகமும் ஒரு சொல்லும்

1

எங்கள் வீட்டில் விசுவாசப் பிரமாணத்தை முழுசாக, எங்கேயும் திக்காமல் சொல்லக்கூடிய ஆள் அப்பத்தா மட்டும்தான். அதற்கு எழுதப் படிக்கத் தெரியாது. தாத்தா திண்டுக்கல் நாகல்நகர்ப் பக்கம் ஒரு பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர். அவர் கோயிலுக்கு வந்தால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாதியில் தூங்கிவிடுவார். அப்பத்தா முன்வரிசைப் பாயில் உட்கார்ந்து, ஐயர் தொடங்குவதற்கு அரை நொடி முன்னால் 'விசுவாசிக்கிறேன்' என்று தொடங்கிவிடும். சபையே அதன் பின்னால் போகிற மாதிரி இருக்கும்.

2003இல் எனக்குத் திடப்படுத்தல். நாங்கள் கன்ஃபர்மேஷன் என்றுதான் சொல்வோம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உபதேசியார் வகுப்பு எடுப்பார். வினா விடைப் புத்தகத்தை வைவாவுக்குப் படிப்பது போலப் படித்தோம். மனுஷன் எதனால் நீதிமானாக்கப்படுகிறான்? விசுவாசத்தினால் மட்டும். ஒரு வாரம் கையைத் தூக்கிக் கேட்டேன்: "ஐயா, அந்த 'மட்டும்' எதுக்கு?" அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "அதெல்லாம் பெரிய பாடம்ப்பா. இப்ப மனப்பாடம் பண்ணு, பெறகு புரியும்" என்றார். மனப்பாடம் செய்தேன். பிஷப் தலையில் கை வைத்தார். பிறகு பொறியியல் கல்லூரி, பெங்களூரு வேலை. புரிய வேண்டிய அந்த 'பெறகு' வரவே இல்லை.

2020இல் ஊரடங்கு வந்தபோது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு திண்டுக்கல் வந்து சேர்ந்தேன். பெரிய தாத்தா தமிழ் வாத்தியார்; அவருடைய தகரப் பெட்டியில்தான் அந்தப் புத்தகம் கிடந்தது. எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்'. பைண்டு செய்த அட்டை, உள்ளே கரையான் போட்ட ஓட்டைகள். மாலையில் ஸ்டாண்ட் அப் மீட்டிங் முடிந்ததும் மொட்டை மாடியில் மலைக்கோட்டையைப் பார்த்தபடி ஒரு நாளைக்குப் பத்துப் பாட்டு என்று வாசிக்க ஆரம்பித்தேன். இந்தக் கட்டுரை அந்த வாசிப்பைப் பற்றியது. அந்த 'மட்டும்' பற்றியதும்கூட.

2

கிருஷ்ணபிள்ளை 1827இல் நெல்லை மாவட்டம் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். கம்பனும் ஆழ்வார்களும் வீட்டுச் சொத்து. சாயர்புரத்தில் மிஷனரிப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தார். 1858இல், முப்பது வயதில், சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். 'இரட்சணிய யாத்திரிகம்' 1894இல் வெளியானது. ஐந்து பருவங்கள்: ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய. மூவாயிரத்து எழுநூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள், பெரும்பாலும் விருத்தம். 1900இல் மறைந்தார்.

மூலநூல் ஜான் பனியனின் 'தி பில்கிரிம்ஸ் ப்ராக்ரஸ்'. தமிழ் கிறிஸ்தவ வீடுகளில் 'மோட்ச பயணம்' என்ற பெயரில் உரைநடையாகப் பலர் படித்திருப்பார்கள். பனியன் பெட்ஃபோர்டு பக்கத்து ஆள். ஓட்டைப் பாத்திரம் அடைத்துப் பிழைத்தவர். உரிமம் இல்லாமல் பிரசங்கம் செய்ததற்காக 1660 முதல் பன்னிரண்டு வருடம் சிறையில் இருந்தார். புத்தகம் 1678இல் வந்தது. முதுகில் சுமையோடு ஒருவன் ஊரை விட்டு ஓடுகிறான். சிலுவையடியில் சுமை கழன்று விழுகிறது. பல ஊர், பல ஆள் கடந்து பரலோக நகரத்தைச் சேர்கிறான். கதை இவ்வளவுதான்.

கிருஷ்ணபிள்ளையைப் பற்றி நம்மிடம் இரண்டு பேச்சு உண்டு. சபைக்குள் அவர் 'கிறிஸ்தவக் கம்பர்'. பட்டம் எல்லோருக்கும் தெரியும், பாட்டு யாருக்கும் தெரியாது. நடுவே வருகிற தேவாரப் பதிகங்களில் சிலவற்றைப் பாடுவார்கள், அதோடு சரி. இலக்கிய வட்டத்தில் அவர் கம்பனின் நிழல். பக்தி நன்றாக இருக்கிறது, பிரச்சாரத்தைக் கழித்துவிட்டால் கவிதை தேறும் என்பார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கோட்பாட்டை உமியாக ஊதிவிட்டு அரிசியை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நாற்பது ஐம்பது மாலைகள் கழித்து, ஊத ஊத அரிசியும் சேர்ந்தே பறக்கிறது என்று தெரிந்தது. இந்தக் காப்பியத்தின் வடிவத்தையே தீர்மானித்திருப்பது புராட்டஸ்டண்ட் கோட்பாடுதான். அதை எடுத்துவிட்டால் கிருஷ்ணபிள்ளை ஏன் பனியனை விட்டு விலகினார் என்பதை விளக்க முடியாது.

3

தமிழ் காப்பிய இலக்கணம் பெருங்காப்பியத்துக்குத் தனக்கு நிகரில்லாத ஒரு தலைவனைக் கேட்கிறது. இராமனை வைத்துக் கம்பன் எழுதினால் இந்த விதி தானாகவே நிறைவேறிவிடுகிறது. ஆனால் பனியனின் ஆள்? அவன் பயந்தவன். சேற்றில் விழுகிறான். உலக ஞானம் பேசுகிற ஒருவர் குறுக்கு வழி சொன்னால் நம்பிப் போய்விடுகிறான். அவநம்பிக்கையின் கோட்டையில் மாட்டிக்கொண்டு, சாவி தன் சட்டைக்குள்ளேயே இருப்பது தெரியாமல் நாள்கணக்கில் அடி வாங்குகிறான். கடைசி ஆற்றைக் கடக்கும்போதுகூட முங்குகிறான், தோழன் தலையைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இது பனியனின் திறமைக் குறைவு கிடையாது. அவர் நம்பிய கோட்பாடு அதுதான். மனிதன் தன்னுடைய நீதியால் கடவுள் முன் நிற்க முடியாது. வேறொருவரின் நீதி அவன் பேரில் எண்ணப்பட வேண்டும். பயணி பெரிய வீரனாக இருந்தால் அந்தக் கோட்பாடு பொய்யாகிவிடும். ஆக, கிருஷ்ணபிள்ளை முன்னால் இருந்த சிக்கல் இது: நிகரில்லாத தலைவனைக் கேட்கிற வடிவம் ஒரு பக்கம், தலைவனாகத் தகுதியே இல்லாதவனைப் பற்றிய கதை மறுபக்கம். பயணியைக் கொஞ்சம் உயர்த்தி எழுதியிருந்தால் காப்பியம் நின்றிருக்கும், கோட்பாடு விழுந்திருக்கும்.

அவர் செய்தது வேறு. பனியனில் இல்லாத ஒன்றை உள்ளே கொண்டுவந்தார். பனியனுடைய கதையில் சிலுவை வழியோரத்தில் நிற்கிறது; சுமை விழுகிறது; பயணி மூன்று துள்ளு துள்ளிவிட்டு நடக்கிறான். சிலுவையில் என்ன நடந்தது என்பதை அவருடைய ஆங்கில வாசகர்கள் வேதாகமத்தில் படித்திருப்பார்கள் என்பதால் அவர் அங்கே நிற்பதில்லை. கிருஷ்ணபிள்ளை நிற்கிறார். 'இரட்சணிய சரிதப் படலம்' என்று கிறிஸ்துவின் பாடுகளையும் மரணத்தையும் விரித்துப் பாடுகிறார். நூலிலேயே அதிகம் போற்றப்படும் பகுதி அதுதான்.

பக்தியில் மனம் கரைந்து எழுதிய கூடுதல் பகுதி என்றுதான் இதை வழக்கமாக விளக்குவார்கள். எனக்கு அது காப்பியத்தின் அஸ்திவாரமாகத் தெரிகிறது. நிகரில்லாத தலைவன் என்ற அந்த இடத்தில் அவர் பயணியை வைக்கவே இல்லை, கிறிஸ்துவை வைத்துவிட்டார். முடியைத் துறந்து காட்டுக்குப் போகிற இராமனை ஊறிப்போகும் அளவுக்குப் படித்த ஒருவருக்கு, குற்றமில்லாதவன் அமைதியாகத் தண்டனை ஏற்பதை எப்படிப் பாட வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பயணி கடைசிவரை சாதாரண ஆளாகவே நடக்கலாம். காப்பியத்தின் பெருமையை வேறொருவர் சுமக்கிறார். கோட்பாடு எதைச் சொல்கிறதோ அதையே நூலின் அமைப்பும் செய்கிறது. தமிழில் ஒரு இறையியல் கருத்து இவ்வளவு சத்தமில்லாமல் ஒரு வடிவமாக மாறியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

4

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். வைணவத்திலிருந்து வந்தவர், சரணாகதி அவர் ரத்தத்தில் இருந்தது, புராட்டஸ்டண்ட் கிருபை என்பது அதற்கு மாட்டிய வேறு பெயர்தானே?

ஒப்புமை உண்மையிலேயே வலுவானது. குட்டிக் குரங்கு தாயை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது வடகலை. பூனை தன் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு போகும், குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம் என்பது தென்கலை. நாங்கள் மனப்பாடம் செய்த அந்த 'மட்டும்' பூனைக்குட்டியின் கட்சிதான். கிருஷ்ணபிள்ளைக்கு இந்த விவாதம் புதிதாக இருந்திருக்காது.

ஆனால் ஒரு இடத்தில் வழி பிரிகிறது. பூனையும் குரங்கும் 'யார் தூக்குவது' என்ற கேள்விக்குப் பதில். ரோமருக்கு எழுதின நிருபத்தில் பவுல் கேட்பது இன்னொன்று: நீதிபதி குற்றவாளியை விடுவித்தால் அவர் எப்படி நீதிபதி? அன்பினால் தூக்கிக்கொண்டார் என்று சொன்னால் மட்டும் இந்தக் கேள்வி தீராது. வழக்குக்குக் கணக்குத் தீர்க்க வேண்டும். அதனால்தான் 'சரிதப் படலம்' தேவைப்படுகிறது. பதிகங்களில் அவர் ஆழ்வார்களின் பிள்ளையாக உருகுகிறார். சரிதப் படலத்தில் உருக்கத்தோடு ஒரு வழக்கும் நடக்கிறது, தண்டனை இடம் மாறுகிறது. இந்த இரண்டும் சேர்ந்திருப்பதுதான் அவர்.

இதற்குத் தமிழ் வேதாகமம் பயன்படுத்தும் சொல் 'எண்ணப்படுதல்'. ஆபிரகாமின் விசுவாசம் அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்கிற வாதம் அந்த நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் திரும்பத் திரும்ப வரும். சின்ன வயதில் இதை 'கடவுள் அப்படி நினைத்துக்கொண்டார்' என்று எடுத்துக்கொண்டேன். ஏதோ பெருந்தன்மையான கற்பனை மாதிரி. ஆனால் தமிழில் எண்ணுவது என்றால் நினைப்பது மட்டுமா? காசை எண்ணுகிறோம். பூட்டுப் பட்டறையில் தாத்தா சாயங்காலம் பூட்டை எண்ணிக் கொடுத்தால்தான் கூலி. மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் 'லோகிசோமாய்' என்பதற்கும் இதே இரட்டைப் பொருள்: கணக்கில் வைப்பது, கருதுவது. கணக்கும் நினைப்பும் ஒரே சொல்லில் இருக்கும் மொழி நம்முடையது. ஒருவருடைய நீதி இன்னொருவர் பேரில் வரவு வைக்கப்படுகிறது, அந்த வரவை வைத்தே அவன் யார் என்று கருதப்படுகிறான். உபதேசியார் பெரிய பாடம் என்று சொன்னது எங்கள் பட்டறைத் திண்ணையிலேயே இருந்தது.

1995இல் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் 'நீதிமானாக்கப்படுதல்' என்பது 'ஏற்புடையவர் ஆதல்' என்று மாறியிருக்கிறது. வாசிக்க இதமான தமிழ். 1999இல் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஆக்ஸ்பர்க்கில் நீதிமானாக்கப்படுதல் குறித்துக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்ட காலத்தோடு அது பொருந்தியும் போகிறது. நான் அதற்கு எதிரி இல்லை. திண்டுக்கல்லில் பாதி நண்பர்கள் கத்தோலிக்கர்கள்தான். ஆனாலும் 'ஏற்புடையவர்' என்ற சொல்லில் நீதிமன்றத்தின் சத்தம் குறைந்துவிடுகிறது. குற்றம் என்று ஒன்று இருந்தது, தீர்ப்பு என்று ஒன்று வந்தது என்பது பழைய சொல்லில் காதில் விழும். கிருஷ்ணபிள்ளை பழைய சொல்லின் பிள்ளை. அவருடைய உரைநடை நூலான 'இரட்சணிய சமய நிர்ணயம்' படித்தால் இவர் வெறும் உணர்ச்சிக் கவி இல்லை என்பது தெரியும்.

5

இவ்வளவு புகழ்ந்த பிறகு என் குறையையும் சொல்ல வேண்டும்.

பனியன் பாத்திரம் அடைக்கிறவர். அவருடைய மொழி சந்தைக்கு வருகிறவர்களின் மொழி. தன் நீதி எதுவும் செல்லாது என்ற செய்தியைப் படிப்பு எதுவும் தேவைப்படாத ஒரு மொழியில் சொன்னார். கிருஷ்ணபிள்ளையின் தமிழுக்கு நிகண்டு வேண்டும். எனக்கே ஒரு பாட்டுக்கு மூன்று சொல் இடறியது. நெல்லையில் புராட்டஸ்டண்ட் சபைகளில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நாடார்களும் பறையர்களும். 1894இல் அவர்களில் எத்தனை பேருக்கு இந்த விருத்தங்கள் எட்டியிருக்கும்? தகுதி வேண்டாம் என்கிற செய்தி, தகுதி உள்ளவர்கள் மட்டும் நுழையக்கூடிய மொழியில் இருக்கிறது. வடிவத்தில் கோட்பாட்டைக் காப்பாற்றியவர் மொழியில் அதைக் கைவிட்டார் என்பதே என் விமர்சனம்.

இதை அவருடைய தனிப்பட்ட குற்றம் என்று சொல்ல மாட்டேன். அவர் கையில் இருந்த தமிழ் அதுதான். ஆனால் தமிழ் புராட்டஸ்டண்ட் வரலாறு முழுக்க இந்த விரிசல் ஓடுகிறது. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் போல ஒரு பாடல் மேதை நமக்குக் கிடையாது. அவரே சபைக்குள் சாதி வழக்கங்களைக் காக்க மிஷனரிகளோடு எழுத்தில் மல்லுக்கு நின்றார். எங்கள் பக்கம் அமெரிக்கன் மதுரை மிஷன் 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தொடங்கியது. அடுத்த வருடமே திண்டுக்கல்லில் நிலையம் போட்டார்கள். 1847இல் அந்த மிஷன் சாதியை விடாதவர்களுக்குத் திருவிருந்து கிடையாது என்று முடிவெடுத்தது. எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவதுதான் பரீட்சை. உபதேசியார்கள் உட்படப் பலர் அந்தப் பரீட்சையில் தோற்று விலக்கிவைக்கப்பட்டார்கள். பிரமாணத்தை ஒப்பித்தவர்கள்தான். வாய் அறிக்கையிட்டது, கை தட்டை எடுக்க மறுத்தது.

அந்த மிஷனின் சபைகள் பிறகு 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், 1947 செப்டம்பர் 27 முதல் சி.எஸ்.ஐ.யிலும் சேர்ந்தன. பிரமாணம் ஞாயிறுதோறும் சொல்லப்பட்டுக்கொண்டே இருந்தது. இன்றைக்கும் தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்களின் கல்யாண விளம்பரத்தைப் புரட்டினால் சபைப் பெயருக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயர் இருக்கும்.

6

பனியனின் கதையில் என்னைத் தூங்கவிடாத பாத்திரம் 'அறியாமை'. அந்தப் பெயரில் ஒரு பையன், வாசல் வழியாக வராமல் குறுக்குச் சந்து வழியாகப் பாதையில் வந்து சேருகிறான். அவன் நாத்திகன் கிடையாது. ஜெபிக்கிறான், உபவாசம் இருக்கிறான், தசமபாகம் கொடுக்கிறான். கிறிஸ்துவையும் நம்புகிறான். என் நல்ல காரியங்களைக் கிறிஸ்து தன் புண்ணியத்தால் கடவுளுக்கு ஏற்றதாக ஆக்கித் தருவார் என்பது அவன் கட்சி. மேலோட்டமாகப் பார்த்தால் இதில் என்ன தப்பு என்று தோன்றும். பனியன் அந்தப் புள்ளியில் இரக்கமே காட்டுவதில்லை. கடைசியில் பரலோக வாசலில் சீட்டைக் கேட்கிறார்கள்; அவன் சட்டைக்குள் துழாவுகிறான்; ஒன்றும் இல்லை. அங்கிருந்தே நரகத்துக்குத் தள்ளப்படுகிறான்.

முதலில் எனக்கு இது கொடூரமாகத்தான் பட்டது. வழி முழுக்க நடந்து வந்தவனை ஒரு கோட்பாட்டு நுணுக்கத்துக்காகத் தள்ளுவதா? பிறகுதான், அது நுணுக்கம் இல்லை என்று புரிந்தது. அவன் கடைசிவரை தன்னிடம் ஏதோ இருக்கிறது என்றே நம்பினான். கிறிஸ்து அவனுக்கு அந்தச் சொத்தைப் பாதுகாக்கும் ஆள்.

2017இல் எனக்குப் பெண் பார்த்தபோது நானே உட்கார்ந்து இணையத்தில் ப்ரொஃபைல் போட்டேன். மதம், சபை, அதற்குக் கீழே சாதி. ட்ராப் டவுன். நான் ஃபார்ம் எழுதிப் பிழைக்கிறவன். பார்த்த உடனே தெரியும், அது கட்டாயப் புலம்கூட இல்லை. நட்சத்திரக் குறி கிடையாது. பக்கத்தில் 'சாதி தடையில்லை' என்று ஒரு சின்னக் கட்டம். சாதியைத் தேர்ந்தெடுத்தேன், கட்டத்தை டிக் செய்யவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த அப்பத்தா, "நம்ம சனத்துலயே பாரு சாமி, அதான் ஒத்து வரும்" என்றது. அப்படியே நடந்தது. என் மனைவி நல்ல மனுஷி, அவளைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்தக் கட்டத்தைப் பற்றி இருக்கிறது. ஒரு நீதியும் என்னிடம் இல்லை என்று வாரம்தோறும் சொன்ன நான், பிறப்பால் வந்த ஒரு மதிப்பைச் சட்டைக்குள் பத்திரமாக வைத்திருந்தேன். அதைக் கிறிஸ்து தொந்தரவு செய்ய மாட்டார் என்று நம்பினேன். பனியனின் பையனுக்கும் எனக்கும் இதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

சரியான உபதேசம் என்று பேசினால் நம் தலைமுறை வாசகர்கள் முகம் சுளிப்பார்கள். அன்பு போதும், கோட்பாடு எதற்கு என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தக் கட்டத்தின் முன்னால் என் அன்பு ஒன்றும் செய்யவில்லை. அப்பத்தாவின் அன்பில் குறையே கிடையாது. அதுவும் ஒன்றும் செய்யவில்லை. 'மட்டும்' என்ற சொல்லை அர்த்தத்தோடு சொல்லியிருந்தால் கை கொஞ்சமாவது தயங்கியிருக்கும். தன் பேரில் எண்ணிக்கொள்ள ஒன்றுமே இல்லாதவன் எந்தச் சாதியைத் தேர்ந்தெடுப்பான்? 1847இல் மிஷனரிகள் கேட்டது இதைத்தான். முரட்டுத்தனமாகக் கேட்டார்கள், வெள்ளைக்காரர்களின் அதிகாரத்தோடு கேட்டார்கள். கேள்வி என்னவோ சரியானது.

தமிழில் விசுவாசத்தைச் சொல்வதும் அறிக்கை, பாவத்தைச் சொல்வதும் அறிக்கை. இரண்டுக்கும் ஒரே சொல் ஏன் என்று முன்பு யோசித்ததில்லை. இந்தக் கட்டுரையை விமர்சனம் என்று தொடங்கினேன். எந்த அறிக்கையாக முடிகிறது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

அப்பத்தா 2022இல் போய்ச் சேர்ந்தது. கடைசி வாரத்தில் பேர்கள் எல்லாம் மறந்துவிட்டன. என்னை அப்பா பேர் சொல்லிக் கூப்பிட்டது. ஆனால் ஐயர் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபோது, அவருக்கு அரை நொடி முன்னால் 'விசுவாசிக்கிறேன்' என்று தொடங்கியது. அதற்கு அந்தச் சொல் என்னவாக இருந்தது, எதுவரை போனது என்று அளக்க எனக்குத் தகுதி இல்லை. எண்ண வேண்டியவர் எண்ணிக்கொள்வார்.

இந்த வருடம் எங்கள் சபையில் திடப்படுத்தல் வகுப்பை என்னை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் வீட்டிலிருந்துதான் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஓய்வாகத்தானே இருக்கிறேன் என்று. பதினோரு பிள்ளைகள். மூன்றாவது வாரம் ஒரு பெண் பிள்ளை கையைத் தூக்கியது. "அண்ணா, விசுவாசத்தினால் மட்டும்னா, நாம ஒண்ணுமே செய்ய வேணாமா?" பெரிய பாடம் என்று சொல்ல வாய் வந்தது. நிறுத்திக்கொண்டு, பையிலிருந்த சில்லறையை எடுத்து மேசையில் வைத்து, "இதை எண்ணு பார்ப்போம்" என்றேன். அரை மணி நேரம் பேசினோம். பாதிதான் புரிய வைக்க முடிந்தது. மீதியை அடுத்த ஞாயிறு தொடர வேண்டும்.